கல்வாரியில் வென்றவர் யார்?

ஆண்டுதோறும் பங்குனி, சித்திரை மாதங்களில் வருகின்ற பெரிய வெள்ளிக்கிழமையன்று உலகெங்கணும் உள்ள கிறிஸ்தவர்கள் உபவாசமிருந்து, ஆலயங்களில் கூடி, இயேசுநாதர் சிலுவையில் உயிர் நீத்த வரலாற்றைப் படிக்கக் கேட்கிறார்கள். பல ஆலயங்களில் அன்று மணி ஒலிப்பதில்லை. பீடத்தில் மலர் இல்லை, அலங்காரம் இல்லை. திருநாள் என்றால் புத்தாடையும் பலகாரமும் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஒருவருடைய மரணத்தை, அதிலும் அரசாங்கத்தார் குற்றவாளி என்று தீர்ப்பளித்துக் கொன்ற மரணத்தை, ஒரு சமயத்தார் தங்கள் நம்பிக்கையின் நடுநாயகமாக வைத்துப் போற்றுவது நமக்கு வியப்பாகவே தோன்றும். அந்த வியப்பு நியாயமானதே. முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களின் அண்டை அயலாருக்கும் அது அவ்விதமே தோன்றியது.

இன்று சிலுவை கழுத்தில் அணியும் பொன் ஆபரணம். கோபுரத்தின் உச்சியில் நிற்கும் சின்னம். கண்ணுக்குப் பழகிப் போனமையால் அதன் கொடுமை நம் மனத்தில் உறைப்பதில்லை. எவரேனும் ஒரு கழுமரத்தைப் பொன்னில் செய்து கழுத்தில் அணிந்து வந்தால் நாம் எவ்வளவு திடுக்கிடுவோம்! ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னர், ரோமாபுரியின் ஆட்சிக்கு உட்பட்ட தேசங்களில் சிலுவை என்பது கழுமரத்துக்கு ஒப்பானதாகவே இருந்தது. அதனை முதலில் அறிந்துகொண்டாலன்றிக் கல்வாரியில் நிகழ்ந்ததன் பொருள் நமக்கு விளங்காது.

அடிமைகளுக்கு உரிய தண்டனை

ரோமானியர் சிலுவைத் தண்டனையை எல்லோருக்கும் விதிக்கவில்லை. ரோமாபுரிப் பிரஜைகளுக்குப் பெரும்பாலும் அதிலிருந்து விலக்கு இருந்தது. அடிமைகள், கலகக்காரர்கள், அடக்கியாளப்பட்ட நாட்டு மக்கள் ஆகியோருக்கே அது உரியதாயிருந்தது. சிலுவை என்ற சொல்லே ஒரு ரோமானியன் காதில் விழத்தகாதது என்று பேச்சாளர் சிசரோ கி.மு. 63-ம் ஆண்டில் ஒரு வழக்கில் வாதாடினார். தம் இனத்தார் கேட்கவும் கூசிய தண்டனையைப் பிற இனத்தார் அனுபவிப்பதைப் பற்றி அந்த நாகரிக சமுதாயம் அதிகமாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கி.மு. 73-ம் ஆண்டில் ஸ்பார்ட்டகஸ் என்பவன் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, பிடிபட்டவர்களில் 6,000 பேரைக் காப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரையில், சுமார் 120 மைல் தூரமுள்ள பெருஞ்சாலையின் ஓரத்தில் சிலுவைகளில் அறைந்தார்கள் என்று ஆப்பியன் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். இயேசுநாதர் குழந்தையாயிருந்த காலத்தை ஒட்டி, கி.மு. 4-ம் ஆண்டில், யூதேயாவில் எழுந்த கலகத்தை அடக்கிய வாரஸ் என்ற ரோம அதிகாரி சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத சரித்திராசிரியர் ஜோசிபஸ் கூறுகிறார். ஆகவே இயேசுநாதர் வளர்ந்த நாட்டில் சிலுவை என்றால் என்னவென்பதைச் சிறு பிள்ளைகளும் அறிந்திருப்பார்கள்.

1968-ம் ஆண்டில் ஜெருசலேமின் வட பகுதியில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது, பழங்காலக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதிலிருந்த கற்பேழை ஒன்றில் ஓர் இளைஞனுடைய எலும்புகள் கிடைத்தன. குதிகால் எலும்பில் நாலரை அங்குல நீளமுள்ள இரும்பாணி இறங்கியபடியே இருந்தது. ஆணியின் நுனி வளைந்து போனதால் அதைப் பிடுங்க முடியாமல், உறவினர் அவ்விதமே அடக்கம் செய்துவிட்டார்கள் போலும். பேழையின் மீது அவன் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது: யெகோகனான். அவன் செய்த குற்றம் யாதென்று எவருக்கும் தெரியாது. சரித்திரம் மறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரதிநிதியாக அந்த ஒற்றைக் குதிகால் எலும்பு எஞ்சி நிற்கிறது.

உயிரைப் போக்குவது மட்டும் இத்தண்டனையின் நோக்கமாயிருந்தால் வாளின் ஒரு வீச்சே போதும். மெல்ல மெல்ல, பலர் காண, ஆடை களைந்து, வழிப்போக்கர் ஏளனம் செய்யும்படி நகர வாயிலுக்கு அருகே தொங்கவிடுவதன் கருத்து வேறு. தொங்குபவன் மானமிழந்து, தன்னைப் பெற்றவளையும் படைத்தவனையும் சபித்துக்கொண்டு சாக வேண்டும். அதைப் பார்ப்பவர்கள் அஞ்சி நடுங்கி, அவனைத் தெரியாதென்று சொல்லி வீடு திரும்ப வேண்டும். இவ்வளவையும் எண்ணிச் செய்யப்பட்ட ஆட்சித் தந்திரமே சிலுவை.

பொந்தியு பிலாத்துவின் தீர்ப்பு

இயேசுநாதர் கொலையுண்டது பாஸ்கா பண்டிகைக் காலத்தில். எகிப்து தேசத்தில் அடிமைகளாயிருந்த தங்கள் முன்னோர் விடுதலை பெற்றதை யூதர்கள் கொண்டாடும் பண்டிகை அது. அந்நிய ஆட்சியின் கீழ் வாழும் மக்கள் விடுதலையைப் பாடிக்கொண்டு ஒரே நகரத்தில் திரள்வதை எந்த அரசாங்கம்தான் கவலையின்றிப் பார்க்கும்? கடற்கரைப் பட்டினமாகிய செசரியாவில் வசித்த ரோம அதிபதியும் அந்நாட்களில் ஜெருசலேமுக்கு வந்திருந்தான். கி.பி. 26 முதல் 36 வரையில் அப்பதவியிலிருந்தவன் பொந்தியு பிலாத்து. அவன் பெயர் பொறித்த கல் ஒன்று 1961-ம் ஆண்டில் செசரியாவிலேயே கண்டெடுக்கப்பட்டது. சமாரியர்களைக் கொடுமையாக அடக்கியதன் பேரில் புகார் எழுந்து, இறுதியில் அவன் பதவியிழந்து ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டான். அந்த நாட்டின் ஜனங்களிடம் இரக்கம் காட்டியவன் என்று அவனைச் சரித்திரம் சொல்லவில்லை.

கலிலேயா நாட்டுத் தச்சர் ஒருவர் இப்பண்டிகைக்கு வந்தார். கோயிலில் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார். ஏழைகளுக்கு இறைவனுடைய அரசு வருகிறது என்று போதித்தார். கோயில் அதிகாரிகள் அஞ்சினார்கள், அதிபதியும் சந்தேகித்தான். யூதருடைய அரசன் என்னும் வாசகத்தை எபிரேயம், லத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று பாஷைகளிலும் எழுதி, அவர் தலைக்கு மேலே மாட்டினார்கள். அது ஏளனம், எச்சரிக்கையுங்கூட.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயேசுநாதரைக் கொன்ற பழியைப் பல நூற்றாண்டுகளாக யூத இனத்தார் அனைவர் மீதும் சுமத்தி, அதன் பெயரால் அவர்களைக் கிறிஸ்தவ நாடுகளில் வதைத்தார்கள். சிலுவையில் தொங்கியவர் யூதர். அதன் அடியில் நின்று அழுத தாயும் யூத குலத்தவள். அவருடைய சீடர்களும் அவ்வாறே. ஒரு சிலரின் செயலுக்காக அன்றிருந்த யூதர்கள் எல்லோர் மீதும், பின்னர் வந்த யூதர்கள் மீதும் பழி கூறலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வெளியிட்ட பிரகடனம் தெளிவாகக் கூறிற்று. மன்னித்தவரின் பெயரால் பழி தீர்த்துக்கொண்ட அந்த வரலாறு, சிலுவையின் பொருளை மனிதர் எவ்வளவு எளிதில் தலைகீழாக்கிவிடக் கூடும் என்பதற்குச் சான்றாகும்.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

இந்த வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளில் எவரேனும் ஒருவர் கேட்கத் தவறாத கேள்வி ஒன்று உண்டு: “அவ்வளவு சக்தி உள்ளவர் ஏன் சார் இறங்கி வரவில்லை?” சிலுவையைச் சுற்றி நின்றவர்களும் இதைத்தான் கேட்டார்கள். பிறரை ரட்சித்தவன் தன்னை ரட்சித்துக்கொள்ளட்டும், இறங்கி வந்தால் நம்புகிறோம் என்று பரிகசித்தார்கள். பிள்ளைகள் கேட்பது அன்பினால்; அவர்கள் கேட்டது ஏளனத்தினால். கேள்வி ஒன்றே.

அறிஞர்கள் இதற்குப் பலவாறு விடை கூறியிருக்கிறார்கள். மனிதர் பாபத்தால் இறைவனுக்குப் பட்ட கடனை மனிதரால் தீர்க்க இயலாது. ஆதலின் தேவகுமாரனே மனிதனாகி அதைத் தீர்த்தார் என்று கான்டர்பரியின் அத்தியட்சராயிருந்த ஆன்செல்ம் 1098-ம் ஆண்டில் எழுதி முடித்த நூலில் விளக்கினார். அவருக்குச் சற்றுப் பின்னர் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த அபெலார், சிலுவையில் வெளிப்பட்ட அன்பே காண்போர் உள்ளத்தில் அன்பை மூட்டி அவர்களைத் திருத்துகிறது என்றார். இவ்விரண்டு விளக்கங்களைப் பற்றியும் இன்றுவரை வாதப் பிரதிவாதங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் புகுவது நம் நோக்கமன்று. பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வரும் விடை இன்னும் எளியது.

அவர் இறங்கி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பலத்தைவிடப் பெரிய பலம் ஒன்று உண்டு என்பது மெய்ப்பட்டிருக்கும். அதை ரோமாபுரி எளிதில் புரிந்துகொண்டிருக்கும். ஏனெனில் அது ரோமாபுரிக்குத் தெரிந்த பாஷை. இறங்காமல் அவர் அங்கேயே செய்தவைதான் அதற்குப் புரியாதவை. ஆணி அறைந்தவர்கள் தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்கள் என்று சொல்லி, அவர்களை மன்னிக்கும்படி இறைவனை வேண்டினார். அருகே தொங்கிய குற்றவாளிக்கு ஆறுதல் சொன்னார். தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்புவித்தார். வேதனையின் உச்சியில், இறைவன் தம்மைக் கைவிட்டதேன் என்று வாய்விட்டுக் கதறவும் செய்தார். வலியை உணராத கல் நெஞ்சராக அவர் இருக்கவில்லை. கைவிடப்பட்டோம் என்று கலங்கும் எளிய மனிதனுக்கும் அவருக்கும் நடுவே அந்தக் கதறலால் ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது.

மானமிழந்து, சபித்துக்கொண்டு சாகச் செய்வதற்காக அமைத்த கருவி அது என்று கண்டோம். சீடர்களிடத்தில் அதன் நோக்கம் பெரிதும் பலித்தது. பேதுரு மூன்று முறை அவரைத் தெரியாதென்று மறுத்தார், மற்றவர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளிந்தார்கள். தொங்கியவரிடத்தில் மட்டும் அது பலிக்கவில்லை. ரோமாபுரியால் அவர் உடலை எடுத்துக்கொள்ள முடிந்தது. அவரைத் தன்னைப்போல் ஆக்க முடியவில்லை. பகைவனைப் பகைக்கும்படி செய்ய முடியாதபோது பகைவனின் வெற்றி குறைப்பட்டுப் போகிறது. மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். அந்த வெற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தோன்றியது என்று எண்ண வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பகலிலேயே அது தொடங்கிவிட்டது.

இதை உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ரோமாபுரியின் பாலட்டைன் குன்றில் 1857-ம் ஆண்டில் ஒரு பழங்காலச் சுவர்க் கிறுக்கலைக் கண்டெடுத்தார்கள். கழுதைத் தலையுள்ள ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்ஸமெனோஸ் என்பவன் தன் கடவுளை வணங்குகிறான் என்று கேலியாக எழுதியிருக்கிறது. கிறிஸ்தவர்களும் நெடுங்காலம் சிலுவைக் காட்சியைப் பொது இடங்களில் செதுக்கவில்லை. ரோம சாம்ராஜ்யத்தில் 4-ம் நூற்றாண்டில் அத்தண்டனை ஒழிந்த பிறகே, ஏறக்குறைய 430-ம் ஆண்டில், ரோமாபுரியின் சாந்தா சபீனா ஆலயத்து மரக்கதவில் அது இடம்பெற்றது. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய சிலுவைச் சிற்பங்களில் அதுவும் ஒன்று.

இருவகைச் சிலுவை

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. துன்பத்தைச் சகித்துக்கொள்வதே சிலுவையின் உபதேசம் என்று எண்ணுவோர் பலர். தாம் சகிப்பதை விட்டுப் பிறருக்குச் சகிப்பைப் போதிப்பவர்கள் அவர்களில் மிகுதி. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றித் தாய்வீட்டில் முறையிடும் பெண்ணிடம், “உன் சிலுவையை நீதானம்மா சுமக்க வேண்டும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பெரியவர்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. மற்றக் குடும்பங்களில் சிலுவைக்குப் பதிலாகத் தலைவிதி என்பார்கள். வித்தியாசம் சொல்லில் மட்டுமே.

இவ்விதப் போதனை புதிதன்று. 1807-ம் ஆண்டில் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று வேதாகமத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டும் அச்சிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையடைந்த வரலாறு அதில் விடப்பட்டிருந்தது. கீழ்ப்படிதலைக் கூறும் பகுதிகளோ விடப்படவில்லை.

வேதாகமத்தை உள்ளபடி படிப்பவர்களுக்கு வேறு சித்திரம் தென்படும். கெத்சமனே தோட்டத்தில் இயேசுநாதர் துன்பத்தை விரும்பி அழைக்கவில்லை. கூடுமானால் அப்பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டுமென்று வியர்வை சிந்த ஜெபித்தார். விசாரணையின்போது சேவகன் ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தான். அப்போது அவர் வாய் மூடி நிற்கவில்லை. தாம் பேசியது தவறானால் தவற்றை எடுத்துக்காட்டும்படியும், தவறில்லையானால் அடித்த காரணத்தைச் சொல்லும்படியும் கேட்டார். அவர் திருப்பி அடிக்கவில்லை; அடித்தது நியாயமென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவருடைய பொறுமை இன்னதென்று நமக்குத் தெரியாது.

தான் உண்மையென்று கண்டதைக் கைவிடாமையால் ஒருவன் தானே ஏற்கும் சிலுவை ஒன்று. வலியவன் எளியவன் தோளில் ஏற்றிவிட்டு, சுமப்பது புண்ணியம் என்று போதிக்கும் சிலுவை மற்றொன்று. முதலாவது இயேசுநாதருடையது. இரண்டாவதை ஏற்றுகிறவன், வேத வசனங்களை எவ்வளவு சொன்னாலும், ரோமாபுரிச் சேவகர்களின் பக்கத்தில்தான் நிற்கிறான்.

பெரிய வெள்ளியன்று சிறை சென்றவர்

அமெரிக்காவில் கறுப்பு மக்களின் சம உரிமைக்காகப் போராடிய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங், 1963-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி அலபாமா மாகாணத்தின் பர்மிங்ஹாம் நகரில் தடையை மீறி ஊர்வலம் சென்று கைதானார். அன்று பெரிய வெள்ளிக்கிழமை. அவ்வூரின் வெள்ளைக்காரச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர், இப்போராட்டம் காலத்துக்கு ஏற்றதன்று, பொறுத்திருக்க வேண்டும் என்று பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சிறையிலிருந்தபடியே கிங் எழுதிய நீண்ட கடிதம் பின்னர் உலகப் பிரசித்தி பெற்றது. அடிபடுகிறவனிடம் பொறுமையை உபதேசிப்பது எவ்வளவு எளிது என்பதை அதில் அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் அடித்தவர்களை வெறுக்கும்படி தம் மக்களுக்கு அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அநீதியை எதிர்ப்பதும் அநீதி செய்தவனைப் பகையாமையும் ஒருங்கே இருக்க முடியும் என்று நடந்து காட்டிய அவர், 1968-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி சுடப்பட்டு இறந்தார்.

கிங் தம் போராட்ட முறையை நம் நாட்டு மகாத்மாவிடமிருந்து கற்றார் என்பது யாவரும் அறிந்ததே. அந்த மகாத்மாவோ, வட்டமேஜை மகாநாட்டிலிருந்து வெறுங்கையுடன் திரும்பும் வழியில், 1931-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ரோமாபுரிக்குச் சென்றார். போப்பாண்டவர் அவருக்குப் பேட்டியளிக்கவில்லை. வத்திக்கானிலுள்ள சிற்ப சித்திரங்களைப் பார்த்துக்கொண்டே சிஸ்டைன் கோயிலுக்குள் வந்தவர், அங்கிருந்த சிலுவைத் திருவுருவத்தின் முன் நின்றார்; அவர் கண்கள் நீர் சொரிந்தன. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1942-ல், சேவாக்கிராமத்துக்கு வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷர், அவருடைய குடிசையின் மண் சுவரில் ஒரே ஒரு படத்தைக் கண்டார். அது இயேசுநாதருடைய படம். காந்தியடிகள் மதம் மாறவில்லை. மாற வேண்டுமென்று நினைக்கவும் இல்லை. இன்னா செய்தார்க்கும் இனியவே செய்யும்படி வள்ளுவர் கற்பித்த நாட்டில், பிறர் சமயத்துப் பெரியாரிடத்தில் தம் சத்தியத்தின் முகத்தைக் கண்டு கலங்குவதற்கு மதமாற்றம் எதற்கு?

சீமோன் செய்த உதவி

கல்வாரிக்குச் செல்லும் வழியில் இயேசுநாதர் களைத்துப் போனார். வயற்புறத்திலிருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்த சீரேனே ஊரானாகிய சீமோன் என்பவனைச் சேவகர்கள் பிடித்து நிறுத்தி, சிலுவையைச் சுமக்கச் செய்தார்கள். அவன் சீடன் அல்லன். போதனை எதையும் கேட்டவனாகவும் கூறப்படவில்லை. தன் வழியே போனவன், பிறனொருவனுடைய பாரத்தைச் சிறிது தூரம் சுமந்தான். அவன் பெயரையும், அவன் மக்களாகிய அலெக்சந்தர், ரூபு என்பவர்கள் பெயரையும் மாற்கு எழுதிய சுவிசேஷம் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது.

தூரத்தில் நின்று இறுதிவரை பார்த்துக்கொண்டிருந்த பெண்களையும் அது குறித்திருக்கிறது. அவர்களால் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியவில்லை. ஆனால் அவர்கள் ஓடவில்லை. ஆண் மக்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்ட நேரத்தில், தெரிந்தவன் என்று சொல்வதே ஆபத்தான இடத்தில், நாங்கள் இவருடையவர்கள் என்று நின்றார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்குச் சிலுவையில் தொங்கும் வாழ்வு வாய்ப்பதில்லை. சீமோனாக இருக்கும் சந்தர்ப்பமோ நாள்தோறும் வாய்க்கிறது. அடிபட்டுத் தாய்வீட்டு வாசலில் நிற்கும் பெண்ணுக்குப் பொறுமையை உபதேசிக்காமல் கதவைத் திறந்துவிடலாம். ஊரார் எல்லோரும் ஒதுக்கிய ஒருவனுக்கு அருகே சென்று நிற்கலாம். நம்மைப் புண்படுத்தியவனிடம், நீ செய்தது தவறு என்று நேரே சொல்லிவிட்டு, அவனை வெறுக்காமலும் இருக்கலாம். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதே மிகவும் கடினம் என்பதில் ஐயமில்லை. அதைச் செய்து பார்த்தவர்களுக்கே கல்வாரியில் வென்றவர் யார் என்பது தெரியும். பெரிய வெள்ளியன்று ஆலயம் செல்வோரும், செல்லாது இல்லத்திலேயே இருப்போரும் ஒருவேளை அமைதியாக அமர்ந்து இதை எண்ணிப் பார்ப்போமாக.